ரேம்ப் போட்டாச்சு, பஸ் எங்கே?

குழித்துறைக்கும் கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்கும் நடுவே போன மாதம் ஒரு பஸ் நிழற்குடை வேலை நடந்துகொண்டிருந்தது. மேற்பார்வைக்கு வந்த தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். ஒன்றரை அடி உயரத்துக்கு மேடை எழும்பியிருந்தது, ஓரமாக கிரானைட் பலகைகள் அடுக்கியிருந்தன. "மழைத்தண்ணி ஏறாது அண்ணாச்சி" என்றான். பதினான்கு வருஷத்துக்கு முன் நான் சொன்ன அதே வார்த்தை. அன்றைக்கு என்னைத் தடுக்க ஆளில்லை, அதனால்தான் எல்லோரும் ஏறும்படி பஸ் நிறுத்தம் கட்டுவதில் நாம் செய்யும் தவறுகளை எழுதுகிறேன். கைப்பிடி வேண்டும், வழுக்காத தரை வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதற்குள் போகவில்லை.

மேடையைக் கட்டிவிட்டு பஸ்ஸை மறப்பது

என் முதல் நிறுத்தமும் ஒன்றரை அடி மேடைதான். அதாவது 45 செ.மீ. சரிவு 1:12, அதாவது ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்ற கணக்கில் சாய்தளம் 540 செ.மீ., கிட்டத்தட்ட பதினெட்டு அடி நீளம் வேண்டும். இருந்த இடமோ ஐந்தடி. ஐந்தடியிலேயே முடித்துவிட்டோம். திறப்பு அன்று சக்கர நாற்காலியில் ஒரு நண்பர் வந்தார். இரண்டு பேர் தள்ளி மேலே ஏற்றினோம். பஸ் வந்து, மேடையிலிருந்து ஆறடி தள்ளி ரோட்டிலேயே நின்றது. அவர் பஸ்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நான் இறங்கணுமா, இல்ல பஸ் மேல ஏறி வருமா?"

சாய்தளத்தை இடித்துக் கட்டிவிடலாம். பஸ் ஏன் தள்ளி நின்றது என்பது விளங்கத்தான் எனக்குப் பல வருஷம் ஆனது. ஓட்டுநரைத் திட்டுவது சுலபம். ஆனால் அவருக்கு முன்னால் ஆட்டோ நிற்கிறது, ஓரத்தில் ஓடை மூடி உடைந்து கிடக்கிறது, ஒன்றரை அடி மேடையை ஒட்டினால் பஸ்ஸின் தகடு உரசும். இத்தனையும் தாண்டி ஒதுங்கிவிட்டால், திரும்ப ரோட்டுக்குள் நுழைய யாரும் வழி விடுவதில்லை. மார்த்தாண்டத்தில் வண்டி ஓட்டியவர்களிடம் கேளுங்கள். பஸ்ஸுக்கு என்று ரோட்டோரத்தை உள்ளே வெட்டிக் கொடுக்கிறோமே, அது நீளம் போதாமல் பெரும்பாலும் ஆட்டோ ஸ்டாண்டாகத்தான் முடிகிறது. இடம் இருந்தால் நடைபாதையை வெளியே நீட்டி, நேராக வரும் பஸ் நேராகவே நிற்கும்படி கட்டுவதுதான் என் கட்சி.

படி இல்லாத தாழ்தளப் பஸ்ஸின் தரை ரோட்டிலிருந்து சுமார் 40 செ.மீ. கதவிலிருந்து விரிக்கும் பலகை ஒரு மீட்டர் என்று வையுங்கள். ரோட்டில் விரித்தால் ஒரு மீட்டருக்குள் 40 செ.மீ. ஏற்றம், தனியாக ஏறவே முடியாது. 15 செ.மீ. நடைபாதை விளிம்பில் விரித்தால் ஏற்றம் 25 ஆகிவிடும், பஸ் அந்தப் பக்கம் சாய்ந்து கொடுத்தால் இன்னும் குறையும். படி வைத்த சாதாரண டவுன் பஸ்ஸிலும் முதல் படிக்கு அந்த அரை அடி குறைகிறது. மூட்டு வலிக்கார என் அம்மா அந்த அரை அடி இருந்தால் தானே ஏறிவிடுவார், இல்லையென்றால் கை கொடுக்க ஆள் தேட வேண்டும்.

கொச்சியில் 2023-இல் தொடங்கிய வாட்டர் மெட்ரோவில் மிதக்கும் மேடைகள் வைத்திருக்கிறார்கள். தண்ணீர் ஏறினால் மேடையும் ஏறும், படகுத் தரையும் மேடையும் ஒரே மட்டத்தில் நிற்கும். நம் தார் ரோடும் ஏறத்தான் செய்கிறது. பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, 15 செ.மீ. விளிம்பு பத்தாகிவிடும். மேடை மட்டும் போட்ட இடத்திலேயே கிடக்கும்.

சரி, என்ன செய்வது? வரைபடம் போடும் முன் காலை எட்டரைக்குப் போய் நில்லுங்கள். பத்து பஸ்ஸின் முன்சக்கரம் எங்கே நிற்கிறது என்று சாக்பீஸால் குறியுங்கள்.

போர்டைப் படிப்பார்கள் என்று நம்புவது

களியக்காவிளையில் கேரள வண்டிக்கு மலையாள போர்டு, நம் வண்டிக்குத் தமிழ் போர்டு. இரண்டும் தெரியாத பாட்டி, "மக்ளே, இது எங்க போற வண்டி?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு நிற்கிறார். பார்வையில்லாத நண்பர் ஒருவர் சொன்னார்: "டபுள் பெல் அடிச்சா கேரளா, விசில் ஊதினா நம்ம வண்டி. ரெண்டும் கிளம்பும்போதுதான் கேக்கும். எந்த வண்டிய விட்டேன்னு மட்டும் நல்லா தெரியும்." தூரத்திலிருந்தே தெரியும் பெரிய எண் வேண்டும். நின்றதும் ஊர்ப்பெயர் காதில் விழ வேண்டும். கருவி இல்லையென்றால் நடத்துநர் வாய் போதும்.

மஞ்சள் ஓடுகளை அழகுக்குப் பதிப்பது

பார்வையில்லாதவர்கள் காலாலும் கோலாலும் தடவி அறியும் ஓடு இது: கோடு என்றால் நட, புள்ளி என்றால் நில். இந்த வகை ஓட்டை முதலில் பதித்தது ஜப்பானின் ஒகயாமாவில், 1967-இல். கோடு போட்டதை நேராக மின்கம்பத்தில் கொண்டுபோய் முடித்தவன் நான்.

டிக்கெட் இலவசம், அப்புறமென்ன என்பது

தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணம் இல்லை. திருநங்கையருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் உடன் வரும் ஒருவருக்கும் அப்படியே. நல்ல காரியம். ஏறினால்தானே?

சக்கர நாற்காலியோடு நிறுத்திக்கொள்வது

மாற்றுத்திறனாளிகளுக்கான 1995 சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள். 2016 சட்டத்தில் 21.

திறப்பு விழாவுக்கு மட்டும் மாற்றுத்திறனாளிகளைக் கூப்பிடுவது

வேண்டாம். அளவெடுக்கும் அன்றே கூப்பிடுங்கள்.

அந்தத் தம்பிக்கும் சாக்பீஸ் வாங்கிக் கொடுத்து மறுநாள் காலை நிற்க வைத்தேன். பத்தில் ஒன்பது பஸ் மேடையிலிருந்து நாலடிக்கு மேல் தள்ளித்தான் நின்றன. மேடையைக் குறைக்கலாமா என்று கான்ட்ராக்டரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறான். நல்லவேளை, கிரானைட் இன்னும் ஒட்டவில்லை.