பழுப்பாகிவிட்டது, செத்துவிடுமா?

மழை பிடித்ததும் என் போனுக்கு நந்தியாவட்டைப் புழுவின் படங்கள் வர ஆரம்பித்துவிடும். அந்தப் புழுதான் வளர்ந்து அரளி அந்துப்பூச்சி ஆகும்; அதை வீட்டில் வளர்க்கப் புதிதாகக் கிளம்பியவர்கள் அனுப்புவது. படத்துக்குப் படம் என் பழைய முட்டாள்தனம்தான். மருந்தடித்த இலை, மூச்சுமுட்டும் டப்பா இதையெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கம்பளிப்பூச்சி என்று பயப்படுவது

உடம்பில் முடியே கிடையாது. வால்கொம்பும் குத்தாது.

பாதியில் செடியை மாற்றுவது

ஒரு செடியின் இலையைத் தின்று வளர்ந்த புழுவுக்கு நடுவில் வேறு செடியின் இலை வேண்டாம்.

பழுப்பானால் நோய் என்று முடிவுகட்டுவது

விரல் நீளம் வளர்ந்த பச்சைப் புழு ஒருநாள் தின்பதை நிறுத்தும். உடம்பு பழுப்பேறும், முதுகு கறுக்கும். மிளகு மாதிரி உருண்டு விழுந்த எச்சம் அன்றைக்கு ஈரமாக ஒழுகியிருக்கும். அப்புறம் நிலைகொள்ளாமல் டப்பாவைச் சுற்றிச் சுற்றி வரும். பார்த்தால் வயிற்றுப்போக்கில் சாகக் கிடக்கிற ஜீவன்தான்.

என் முதல் புழு இப்படி ஆனபோது, மற்ற மூன்றுக்கும் தொற்றிவிடுமே என்று தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டேன். இரண்டே நாளில் அந்த மூன்றும் பழுப்பு. அவையும் தொட்டிக்குப் போயின. முட்டையிலிருந்து தினமும் இலை பறித்துப் போட்டு வளர்த்தவை! நான்குக்கும் ஒரு நோயும் இல்லை. கூட்டுப்புழு ஆகும் முன் வயிற்றைக் காலி செய்துவிட்டு, செடியை விட்டு இறங்கி, சருகுக்கடியில் இடம் தேடுவது அதன் வழக்கம். பச்சை உடம்போடு சருகில் நடந்தால் காக்கை விடுமா?

‘தின்ன மாட்டேங்குது, மறுபடி மறுபடி இலையில் தூக்கி விடுறேன்’ என்று யாராவது எழுதினால் இன்றைக்கும் எனக்குச் சுர்ரென்று ஏறும். இலையை எடுத்துவிடுங்கள். டப்பாவில் இரண்டு அங்குலத்துக்கு லேசாக ஈரமான மண், மேலே காய்ந்த சருகு, டப்பா வாய்க்குத் துணி, இருட்டு மூலை. சருகை நூலால் இழுத்துக் கட்டிக்கொண்டு அது உள்ளே போய்விடும். தோண்டிப் பார்க்காதீர்கள். தோல் கழற்றுகிற நேரத்தில் விரல் பட்டால் போச்சு.

வழவழப்பான டப்பா

இரண்டு மூன்று வாரத்தில் பூச்சி வெளியே வரும்போது சிறகு ஈரத்துணி மாதிரி சுருண்டிருக்கும். ஏறித் தொங்கினால்தான் விரியும். பிளாஸ்டிக் சுவரில் வழுக்கி விழுந்துகொண்டே இருந்தால் சுருக்கத்தோடு காய்ந்துவிடும். அதனால் சொரசொரப்பான குச்சி ஒன்றை முன்கூட்டியே சாய்த்து வையுங்கள். பச்சையும் இளஞ்சிவப்புமாகச் சிறகு விரிந்து காய்ந்தபின், பொழுது சாய்ந்ததும் ஜன்னலைத் திறந்துவிடலாம். அதற்கு முன் ஃபேனை நிறுத்துங்கள்.