எஸ்டிமேட்டில் இல்லாதது தெருவுக்கு வராது: பேரூராட்சியில் ஒரு வேலை பாஸாகும் வழி

கானாடுகாத்தான், பள்ளத்தூர், புதுவயல், நெற்குப்பை மாதிரியான ஊர்களில் சிமெண்ட் ரோடோ ஊரணிப் படித்துறையோ வேண்டுமென்றால், முதலில் தலைவரைப் பார்த்து மனு கொடுக்கிறார்கள். பிறகு மாதக் கூட்டம் முடிந்ததும் “தீர்மானம் ஆகிவிட்டதா?” என்று வார்டு உறுப்பினரை விசாரிக்கிறார்கள். தீர்மானம் ஆகியும் வேலை வராத தெருக்கள் உண்டு. வேலை வந்தும் கேட்டது வராத தெருக்கள் அதைவிட அதிகம். மன்றக் கூட்டம் முடிவெடுக்கும் இடம்போலத் தெரியும். ஆனால் அங்கே மேஜைக்கு வரும் கோப்பில் நீளம், அகலம், கனம், தொகை எல்லாம் ஏற்கெனவே எழுதி முடிந்திருக்கும். ஆகவே பேச வேண்டிய நேரம் கூட்டத்துக்கு முந்தைய மாதங்கள்தான்.

சட்டப் பின்னணி சுருக்கமாக: தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 1998, அதன் 2023ஆம் ஆண்டு விதிகளோடு 2023 ஏப்ரல் 13 முதல் நடைமுறையில் இருக்கிறது. கொள்முதலுக்கும் ஒப்பந்தத்துக்கும் தனியாக ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவற்ற தன்மைச் சட்டம் 1998, அதன் விதிகள் 2000. பேரூராட்சியில் கோப்பை நகர்த்துபவர் செயல் அலுவலர். தேவகோட்டை போன்ற நகராட்சியில் ஆணையர். 2024இல் மாநகராட்சியான காரைக்குடியிலும் ஆணையர்தான். ஆள் மாறினாலும் கோப்பு போகும் வழி ஏறத்தாழ ஒன்றே.

முதல் கேள்வி: இடம் யாருடையது?

செட்டிநாட்டில் இதைத் தாண்டிப் போகவே முடியாது. ஒரே ஊரில் ஓர் ஊரணி பேரூராட்சி வசம் இருக்கும், இன்னொன்று கோயிலுக்குச் சொந்தமாக இருக்கும், மூன்றாவது ஏதோ ஒரு அறக்கட்டளையின் பட்டாவில் இருக்கும். பெரிய கண்மாய் என்றால் நீர்வளத் துறை. பஸ் போகும் ரோடு பல இடங்களில் நெடுஞ்சாலைத் துறையுடையது. தன் வசம் இல்லாத இடத்தில் மன்றம் செலவழித்தால் தணிக்கைத் தடை வரும். அந்தத் தொகைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் செயல் அலுவலர் என்பதால் அவர் கோப்பைத் தொடவே மாட்டார். மனுவோடு கிராம நிர்வாக அலுவலரிடமிருந்து ‘அ’ பதிவேட்டு (சர்வே எண்வாரியாக நிலம் யாருடையது என்று காட்டும் பதிவேடு) நகலும் புல வரைபடமும் வாங்கி இணைத்துவிடுங்கள். நகர நில அளவை நடந்த ஊரானால் நகர நில அளவைப் பதிவேட்டு நகல். சர்வே எண்ணுக்கு எதிரே ‘ஊரணி’ என்றோ ‘பாதை’ என்றோ புறம்போக்காக இருந்தால் பிரச்சினை இல்லை. தனியார் பேரில் இருந்தால் முதலில் பேரூராட்சிக்குத் தானப் பத்திரம் பதிவாக வேண்டும். அது இல்லாமல் போடும் மனு பதிவேட்டில் ஒரு வரிசை எண்ணாகவே நின்றுவிடும்.

பணம் எந்தத் தலைப்பில்?

“பணம் இல்லை” என்ற பதிலை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்தத் தலைப்பில் இல்லை என்று கேளுங்கள். பொது நிதி என்பது சொத்து வரி, கடை வாடகை, கட்டணங்கள், மாநில நிதிக்குழு மானியம் எல்லாம் சேர்ந்தது. சம்பளமும் மின் கட்டணமும் போக அதில் மிஞ்சுவது கொஞ்சம்தான். 2026 மார்ச் வரைக்குமான 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் தூய்மைக்கும் கட்டுண்ட பணமாக இருந்தது. அப்படிக் கட்டுண்ட பணத்தில் ரோடு கேட்டால் கிடைக்காது, வடிகால் கேட்டால் வழியுண்டு. சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதி, கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம் போன்றவற்றுக்குத் தனித்தனி நெறிமுறைகள் உண்டு.

நம் பக்கத்துக்கு மிகவும் பொருந்துவது ‘நமக்கு நாமே’ திட்டம். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு தரும். நீர்நிலை வேலைக்குப் பாதி கட்ட வேண்டும். சென்னையிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்கள் சொந்த ஊர் ஊரணிக்குக் கொடுக்கத் தயங்குவதில்லை. ₹6 லட்சம் படித்துறைக்கு ₹3 லட்சம் திரட்டுவது பல ஊர்களில் நடக்கக்கூடிய காரியம். தவறு நடக்கும் இடம் வேறு. எஸ்டிமேட் இறுதியாவதற்கு முன்பே உத்தேசத் தொகைக்குக் காசோலை எடுத்துவிடுகிறார்கள். பொறியாளர் அளந்த பிறகு தொகை ₹7.5 லட்சமானால் பங்கு ₹75,000 குறைகிறது. அதைத் திரட்டி முடிப்பதற்குள் ஆண்டு முடிந்துவிடுகிறது.

எஸ்டிமேட்: உட்கார்ந்து படிக்க வேண்டிய தாள்

பொதுப்பணித் துறையின் அந்த ஆண்டு விலை விகிதப் பட்டியலை வைத்துத்தான் மதிப்பீடு போடுவார்கள். முதல் பக்கத்தில் மொத்தத் தொகை இருக்கும். கடைசிப் பக்கத்துச் சுருக்கத்தில் வேலையின் மதிப்பும் அதன்மேல் ஏறும் வரிகளும் தனித்தனியாக இருக்கும். ஜிஎஸ்டி 18 சதவீதம், கட்டுமானத் தொழிலாளர் நல நிதி 1 சதவீதம். ₹5 லட்சம் வேலைக்கு இவை மட்டும் ₹95,000. ஆக, ₹6 லட்சம் அனுமதி என்றால் தெருவில் இறங்குவது ஏறக்குறைய ₹5 லட்சம்தான். மீதியை யாரோ சாப்பிட்டுவிட்டார்கள் என்று கிளம்பும் பேச்சில் பாதி இந்தக் கணக்குத் தெரியாததால் வருவது.

உதாரணத்துக்கு 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனத்தில் ஒரு சிமெண்ட் ரோடு. மூன்றையும் பெருக்கினால் 45 கன மீட்டர் கான்கிரீட். எம்-20 என்ற தரத்துக் கலவையில் கன மீட்டருக்கு ஏறக்குறைய 8 மூட்டை சிமெண்ட் போகும். ஆக 360 மூட்டை. கனம் 12 சென்டிமீட்டராக இறங்கினால் 36 கன மீட்டர். 72 மூட்டை மிச்சம், ஜல்லியும் மணலும் தனி. பேரேடும் ஐந்தொகையும் எழுதிப் பழகிய ஊர்க்காரர்களுக்கு இந்தப் பெருக்கல் பெரிய விஷயமில்லை. யாரும் தாளைக் கேட்டு வாங்குவதில்லை, அவ்வளவுதான்.

எந்த வரிகள் விட்டுப்போயின என்பதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். ‘பழைய தளத்தைத் தோண்டி அப்புறப்படுத்துதல்’ என்று ஒரு வரி இருக்கிறதா? இல்லையென்றால் ஒப்பந்தக்காரர் பழைய ரோட்டின் மேலேயே போடுவார். அதில் அவர்மேல் குற்றமில்லை, எழுதாத வேலைக்குக் காசு கிடையாது. அடியில் 10 சென்டிமீட்டர் ஜல்லிக் கலவை, மேலே 15 சென்டிமீட்டர் கான்கிரீட் என்றால் தெரு 25 சென்டிமீட்டர் உயரும். வீட்டு முகப்பின் கல்படி ஒன்று சுமார் 16, 17 சென்டிமீட்டர். ஒன்றரைப் படி மண்ணுக்குள் போய்விடும். பழைய வீடுகளில் முற்றத்தில் விழும் மழைநீர் வாசல் வழியாகத் தெருக் கால்வாய்க்கும், அங்கிருந்து ஊரணிக்கும் போகும்படி மட்டம் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். தெரு உயர்ந்தால் அந்தத் தண்ணீர் முற்றத்திலேயே நிற்கும். ஊரணி காய்ந்து கிடக்கும். ஊரணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் குறுக்கிடும் இடத்தில் குழாய்ப் பாலம் என்ற வரியும் கட்டாயம் வேண்டும். தளம் போட்ட பிறகு உடைத்துக் குழாய் பதிப்பது இன்னொரு எஸ்டிமேட், இன்னொரு தீர்மானம்.

இவையெல்லாம் பொறியாளர் அளக்க வரும் நாளில் சொல்ல வேண்டியவை. அந்தத் தேதியை வார்டு உறுப்பினர் மூலம் தெரிந்துகொண்டு தெருவில் இரண்டு பேர் நில்லுங்கள். தொகைக்கேற்ப மேல்நிலைப் பொறியாளர் தொழில்நுட்ப அனுமதி கொடுத்து முடித்துவிட்டால், ஒரு வரி சேர்க்கவும் கோப்பு திரும்ப ஏற வேண்டும்.

அஜெண்டாவும் தீர்மானமும்

கூட்டத்துக்கு முன்பே பொருள் நிரல் உறுப்பினர்கள் கைக்கு வந்துவிடும். ஒரு பொருள் ஏறக்குறைய இப்படி இருக்கும்: “வார்டு 4, ஊரணி மேல்கரைத் தெருவில் சிமெண்ட் சாலை அமைக்கும் பணிக்கு ரூ.6,00,000க்கு மதிப்பீடு தயாரிக்கப்பட்டுள்ளது. செலவினத்தைப் பொது நிதியிலிருந்து மேற்கொள்ள மன்றத்தின் அனுமதிக்கு வைக்கப்படுகிறது.” இதில் மூன்றைப் பாருங்கள்: தெருவின் தொடக்கமும் முடிவும், தொகை, நிதித் தலைப்பு. ‘ஊரணி மேல்கரைத் தெரு’ என்று மொட்டையாக எழுதினால் ரோடு எங்கே வேண்டுமானாலும் தொடங்கி எங்கே வேண்டுமானாலும் முடியலாம். ‘முத்துமாரியம்மன் கோயில் முதல் மேல்நிலைத் தொட்டி வரை, 100 மீட்டர்’ என்று திருத்தி எழுதச் சொல்லும் உரிமை உறுப்பினருக்கு உண்டு. தீர்மானத்தின் கீழ் ‘மன்றம் அனுமதிக்கிறது’ என்று வந்தால் போதாது. அந்தத் திருத்தம் நடவடிக்கைப் பதிவேட்டில் ஏறியதா என்று அடுத்த கூட்டத்துக்கு முன் பார்த்துவிடுங்கள். வாயால் சொன்னது பதிவேட்டில் இல்லையென்றால் சொல்லாததற்குச் சமம்.

‘அவசர அவசியம் கருதித் தலைவரின் முன் அனுமதி பெற்று’ என்று தொடங்கும் பொருள்கள் பின்னேற்புக்கு வருபவை. அதாவது வேலை நடந்துவிட்டது அல்லது நடந்துகொண்டிருக்கிறது. குடிநீர் மோட்டார் எரிந்தது, குழாய் உடைந்தது என்றால் நியாயம். பேவர் பிளாக்குக்கு என்ன அவசரம் என்று கேட்கலாம், கேட்க வேண்டும். ஒரே தெருவின் ஒரே வேலை மூன்று சிறு பொருள்களாக உடைந்து வந்திருந்தாலும் உஷாராகுங்கள். தொகையைச் சிறிதாக்கி மேல் அனுமதியையும் பெரிய டெண்டரையும் தவிர்க்கும் பழைய வழி அது. தணிக்கையாளர் முதலில் தேடுவதும் அதைத்தான். ஒரு ஒப்பந்தத்தில் தனக்குப் பணத் தொடர்புள்ள உறுப்பினர் அந்தப் பொருளில் வாக்களிக்கக் கூடாது.

டெண்டர்

அறிவிப்புக்கும் கடைசித் தேதிக்கும் இடையே, ₹2 கோடி வரையிலான வேலைக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள். குறைப்பதென்றால் மேலதிகாரி காரணம் எழுதி அனுமதிக்க வேண்டும். டெண்டரோடு கட்டும் முன்வைப்புத் தொகை வேலையின் மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மிகக் குறைந்த விலை கொடுத்தவரிடம் மட்டுமே விலைக் குறைப்புப் பேசலாம், இரண்டாமவரிடம் பேசினால் டெண்டரே கெட்டுவிடும். முடிவில் குறையுள்ள ஒப்பந்தக்காரர், ஆணை கிடைத்த 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம்.

20 சதவீதம் குறைத்துப் போட்டவரைப் பார்த்து மகிழ வேண்டாம். அந்தப் பணம் ஜல்லியிலிருந்தோ சிமெண்டிலிருந்தோதான் வரும். அப்படிப்பட்டவரிடம் கூடுதல் காப்புத் தொகை வாங்கப்பட்டதா என்று கேளுங்கள்.

காலக் கணக்கு: வேலைக்கு ஒரு தீர்மானம், டெண்டரை ஏற்க இன்னொன்று என்று இரண்டு கூட்டமாவது ஆகும். நடுவில் தொழில்நுட்ப அனுமதி, 15 நாள் அறிவிப்பு. தேர்தல் அறிவித்துவிட்டால் புது வேலை எல்லாம் நின்றுவிடும், தொடங்கியது மட்டும் தொடரும். ஊரணியில் பங்குனியிலிருந்து வைகாசி வரைதான் இறங்கி வேலை செய்ய முடியும். அதற்குக் கார்த்திகையிலேயே எஸ்டிமேட் கையில் இருக்க வேண்டும். தண்ணீர் வற்றியதைப் பார்த்துவிட்டு மனு எழுதத் தொடங்குபவருக்குப் பணி ஆணை வரும்போது ஐப்பசி மழை வந்திருக்கும்.

பணி ஆணைக்குப் பிறகு

பணி ஆணையும் ஒப்பந்தமும் கையெழுத்தான பிறகே வேலை. கான்கிரீட் கொட்டும் நாளில் தெருவில் இருக்க வேண்டிய கருவிகள் ஒரு கயிறும் ஒரு டேப்பும். இரு பக்கப் பலகையும் 15 சென்டிமீட்டர் இருக்கும், அதில் ஏமாற்று இருக்காது. நடுவில் மண்ணை மேடாக விட்டிருப்பார்கள். பலகைக்குப் பலகை கயிற்றை இழுத்துப் பிடித்து, நடுவில் டேப்பை இறக்கிப் பாருங்கள். 10 மீட்டருக்கு ஓர் இடம் போதும். லாரியில் கலவை வந்தால் எண்ணிக்கையே சாட்சி: 6 கன மீட்டர் லாரி என்றால் 45 கன மீட்டருக்கு எட்டு நடை வர வேண்டும். ஆறில் முடிந்தால் அங்கேயே கேளுங்கள். மறுநாளுக்குள் குறுக்கு வெட்டு போடாவிட்டால் தளம் தன் இஷ்டத்துக்கு வெடிக்கும். இந்த வெயிலுக்குப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது 14 நாளுக்குக் குறையக் கூடாது. தண்ணீர் ஊற்ற ஆள் வராமல் போவதுதான் இங்கே ரோடு கெடும் முதல் காரணம், கலவைகூட இரண்டாவதுதான்.

நடந்த வேலையின் அளவு எம்-புக் எனும் அளவுப் புத்தகத்தில் ஏறும். அதை வைத்துத்தான் பில். தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005இன்படி ₹10 கட்டணத்தில் எஸ்டிமேட், பணி ஆணை, எம்-புக் பக்கங்கள், கான்கிரீட் வலுவைக் காட்டும் கியூப் சோதனை அறிக்கை நான்கையும் கேளுங்கள். பக்கத்துக்கு ₹2. பதிலுக்கு 30 நாள். ‘ஊழல் பற்றிய விவரம் தரவும்’ என்று எழுதினால் ஒன்றும் வராது. தீர்மான எண், தேதி, ஆவணத்தின் பெயர் எழுதினால் வரும். அதே சட்டத்தில் வேலையை நேரில் பார்வையிடவும் பொருளின் மாதிரியைச் சான்றோடு எடுக்கவும் உரிமை இருக்கிறது. பலரும் அதைப் பயன்படுத்துவதில்லை.

குறைபாட்டுக்கு ஒப்பந்தக்காரர் பொறுப்பேற்கும் காலம் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். அது முடியும்வரை அவருடைய பணத்தில் ஒரு பகுதி அலுவலகத்தில் பிடித்து வைக்கப்பட்டிருக்கும். முதல் மழையில் தண்ணீர் தேங்கும் இடங்களைத் தேதியோடு படமெடுத்து, அந்தக் காலம் முடிவதற்குள் செயல் அலுவலருக்கு எழுதி ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். பிடித்த தொகை திரும்பப் போன மறுநாள் கொடுக்கும் மனுவுக்குப் புது எஸ்டிமேட்தான் பதிலாக வரும்.