செட்டிநாட்டில் இரண்டாவது வீடு: முகப்பைப் பார்த்து முன்பணம் கொடுக்காதீர்கள்

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர்ப் பக்கம் பழைய வீடு ஒன்றை வாங்கிப் போட்டால் பொங்கலுக்கும் கோடைக்கும் போய் வரலாம் என்று சென்னையில் பலருக்கு ஆசை. ஆசையில் தப்பில்லை. திண்ணையில் பத்து நிமிடம் உட்கார்ந்து, பர்மா தேக்குத் தூணைத் தடவிப் பார்த்துவிட்டு அன்றைக்கே முன்பணம் கொடுப்பதுதான் தப்பு.

முதலில் பங்கு. சாவி ஒருவரிடம் இருக்கும், பங்கு இருபது பேருக்கு இருக்கும். தாத்தா காலத்தில் வாய்மொழியாகப் பிரித்திருப்பார்கள். ஒரு பங்காளியின் பிள்ளைகள் மலேசியாவில் இருப்பார்கள். வில்லங்கச் சான்றிதழ் சுத்தமாக இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். பதிவான பத்திரங்கள்தான் அதில் வரும், வாரிசாக வந்த பங்கு வராது. 2005 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு கூட்டுக்குடும்பச் சொத்தில் மகள்களுக்கும் சம பங்கு உண்டு. "ஆச்சி ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்று விற்பவர் சொன்னால், சரி, அதையே, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமாகப் பதிவு செய்து தரச் சொல்லுங்கள்.

அப்புறம் பெரிய வீட்டு மோகம். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும் வீட்டைக் கூட்டிப் பெருக்கவே ஒரு ஆள் போதாது. ஒரே வளவு, அதாவது ஒரே உள்முற்றம், உள்ள சின்ன வீடு போதும் என்பேன்.

வாங்கிய பிறகு வீட்டைக் கெடுப்பது பெரும்பாலும் ஓடுதான். எங்கள் உறவினர் வீட்டில் நழுவியது ஒரே ஒரு நாட்டு ஓடு, பூனை ஓடியிருக்கும். ஐப்பசியில் பூட்டிவிட்டுப் போனவர்கள் தையில் வந்து திறந்தபோது இரண்டாங்கட்டுச் சுவர் ஆள் உயரத்துக்குக் கறுத்திருந்தது. மேலே ஓட்டைத் தாங்கும் ரீப்பர் கட்டையை விரலால் அழுத்தினேன், மாவாக உதிர்ந்தது. புரட்டாசிக்குள் ஆள் ஏற்றி ஓடு மாற்றியிருந்தால் சில ஆயிரத்தோடு முடிந்திருக்கும்.

கறுத்த சுவரில் சிமென்ட் பூசியது அடுத்த தவறு. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தைக் குடித்துத் தானாக வெளியே விட்டுவிடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, இரண்டு வருஷத்தில் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைக்கும்வரை சுவரைச் சும்மா விடுங்கள், காயட்டும்.

தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல்லுக்கு ஆசிட் ஆகவே ஆகாது. அது சுடாத சிமென்ட் கல். ஆசிட் பட்டால் வண்ணம் அரித்துப்போகும். வெறும் தண்ணீர், எப்போதாவது துணியில் நாலு சொட்டுத் தேங்காயெண்ணெய், அவ்வளவுதான். மற்றபடி அது ஆள் நடக்க நடக்கத்தான் மினுங்கும்.

அதனால் வாரம் ஒருமுறை வந்து சன்னல் திறந்து, வளவுத் தண்ணீர் போகும் வழியில் சருகு எடுக்க உள்ளூர் ஆள் ஒருவரை மாதச் சம்பளத்தில் வையுங்கள். மழை பெய்த மறுநாள் வாட்ஸ்அப்பில் படம் கேளுங்கள். முகப்பை எடுத்து அனுப்புவார், நன்றாகத்தான் இருக்கும். ஓட்டின் அடிப்பக்கத்தை எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.