ஆய்வில் தமிழ்ப் பிள்ளைகளும் இருக்க வேண்டுமென்றால்

சிங்கப்பூர்ப் பள்ளிகளைப் பற்றிய ஆய்வு ஒன்றைக் கடைசிப் பக்கம் வரை படித்துப் பாருங்கள். இந்திய மாணவர்கள் குறைவாக இருந்ததால் தனியாகப் பகுத்துப் பார்க்கவில்லை என்று எங்கோ ஒரு மூலையில் ஒரு வரி இருக்கும். செய்தவர்கள் மேல் பெரிய குற்றம் சொல்ல முடியாது, ஆனால் அந்த வரியை எல்லாரும் எழுதிக்கொண்டே போனால் நம் பிள்ளைகளைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாமலே போய்விடும். ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் தேசியக் கல்விக் கழகத்தில் ஆய்வேடு எழுதுகிறவர்கள், பள்ளியிலேயே சின்னதாகச் செயலாய்வு (தன் வகுப்பைத் தானே ஆராய்ந்து பார்ப்பது) செய்யும் ஆசிரியர்கள், துணைப்பாட வகுப்பு நடத்திக்கொண்டு "பிள்ளைகள் உண்மையில் என்ன நினைக்கிறார்கள்" என்று கேட்க நினைக்கும் தொண்டூழியர்கள், உங்களுக்காகத்தான் இது.

முதலில் கணக்கு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்வாசிகளில் இந்தியர் 9 விழுக்காடு. ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2.5 விழுக்காடு. அப்படியென்றால் எந்தத் திட்டமும் இல்லாமல் 200 பேரைக் குலுக்கல் முறையில் எடுத்தால் இந்தியர் ஏறக்குறைய 18 பேர், வீட்டில் தமிழே அதிகம் பேசுகிறவர்கள் 5 பேர். அந்த ஐந்து பேரிலும் ஒருவருக்கு அன்று காய்ச்சல் என்றால் முடிந்தது கதை.

ஆகவே சீரான குலுக்கலை நம்பாதீர்கள். வேண்டுமென்றே கூடுதலாக எடுங்கள். 200 பேரில் 60 பேர் இந்திய மாணவர்கள், மற்றவர்கள் 140 என்று முதலிலேயே வகுத்துக்கொண்டால் அந்த 60 பேரைப் பற்றித் தனியாகப் பேச ஓரளவு இடம் கிடைக்கும். ஒட்டுமொத்தச் சராசரி போடும்போது மட்டும் அவர்கள் 30 விழுக்காடாக நிற்கக் கூடாது, 9 விழுக்காடாக இருக்க வேண்டும்; அதற்கு இந்திய மாணவர் ஒவ்வொருவரின் பதிலையும் 0.3-ஆல் (இருக்க வேண்டிய 9-ஐ இப்போதுள்ள 30-ஆல் வகுத்தது) பெருக்குங்கள், மற்றவர்களுடையதை 1.3-ஆல் (91-ஐ 70-ஆல் வகுத்தது) பெருக்குங்கள். அந்த 60 பேர் 18 பேராகவும் 140 பேர் 182 பேராகவும் கணக்காவார்கள், கூட்டிப் பார்த்தால் மறுபடி 200. உங்கள் பள்ளியில் இந்திய மாணவர் விகிதம் வேறு என்றால் 9-க்குப் பதில் அந்த எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். எக்செல் போதும், பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம்.

சரி, அந்த 60 பேரை எங்கே தேடுவது? இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். எல்லாப் பள்ளியிலும் தமிழ் வகுப்பு இல்லை. தமிழ் இல்லாத பள்ளியில் படிக்கும் பிள்ளை பள்ளி முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையத்துக்கோ வேறொரு பள்ளியில் உள்ள தமிழ் நிலையத்துக்கோ பேருந்து ஏறிப் போகிறது. அந்தப் பள்ளியில் தாய்மொழி நேரத்தில் யாராவது படிவம் கொடுத்தால் அந்தப் பிள்ளை எந்த வகுப்பிலும் உட்கார்ந்திருக்காது. நிலையத்தில் மட்டும் போய்க் கேட்டாலோ, தன் சொந்தப் பள்ளியில் அந்தப் பிள்ளை எப்படி இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. இரண்டு இடத்திலும் கேளுங்கள், இல்லையென்றால் காலையில் எல்லா இனத்துப் பிள்ளைகளும் சேர்ந்திருக்கும் வகுப்பில் கொடுங்கள்.

இன்னொன்று, எளிதாகக் கிடைக்கிறவர்களை மட்டும் வைத்து முடித்துவிடாதீர்கள். தமிழ் மன்றத்துப் பிள்ளைகள், ஏப்ரல் தமிழ்மொழி விழாவில் மேடையேறும் பிள்ளைகள், இவர்களெல்லாம் கூப்பிட்டதும் வந்துவிடுவார்கள், அழகாகப் பேசவும் செய்வார்கள். அவர்களை வைத்து எழுதினால் தமிழ் செழித்துக்கொண்டிருக்கிறது என்றுதான் வரும். பின் வரிசையில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கும் பையன், வாடகை வீட்டிலிருந்து வரும் பிள்ளை, தொழில்நுட்பக் கல்விக் கழகத்துக்குப் போனவர்கள், பெற்றோர் வேலைக்காக அண்மையில் இந்தியாவிலிருந்து வந்து குடியேறிய பிள்ளை, எல்லாரும் 'இந்தியர்' என்ற ஒரே கட்டத்துக்குள் இருக்கிறார்கள். மலையாளிகளும் பஞ்சாபியரும் சிந்திகளும் அதே கட்டத்தில்தான். இந்தக் கட்டத்தின் சராசரி உயர்ந்தால் யாருடைய மதிப்பெண் உயர்ந்தது என்று கேட்க வேண்டும். தகப்பனார் வங்கியில் மேலாளராக இருக்கும் வீடும் தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கிய வீடும் ஒரே எண்ணில் கலந்துவிட்டால் பின்னதன் நிலைமை கண்ணில் படாது.

படிவத்தில் இனம் கேட்டால் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொல்லாதீர்கள். 2011-இலிருந்து அடையாள அட்டையிலேயே இரட்டை இனம் பதிவு செய்ய முடிகிறது, உங்கள் படிவம் அதைவிடக் கறாராக இருக்க வேண்டியதில்லை. மொழிக் கேள்வி இதைவிட மோசம். "வீட்டில் என்ன மொழி பேசுவாய்?" என்று ஒரே கட்டம் போட்டால் பிள்ளை ஆங்கிலம் என்று எழுதிவிட்டுப் போய்விடும். அதையே ஆள் ஆளாகப் பிரித்துக் கேளுங்கள், "பாட்டிகிட்ட தமிழ், அம்மாகிட்ட ரெண்டும், தம்பிகிட்ட இங்கிலீஷ்தான், திட்டு வாங்கும்போது மட்டும் தமிழ்" என்று வரும். 2020 கணக்கெடுப்பில் இரண்டாவது மொழியையும் கேட்டார்கள். வீட்டில் ஆங்கிலமே அதிகம் பேசுகிறோம் என்றவர்களில் 87 விழுக்காட்டினர் தாய்மொழி ஒன்றையும் பேசுகிறார்கள் என்று தெரியவந்தது. ஒரே கட்டத்தில் அத்தனையும் காணாமல் போயிருக்கும்.

அனுமதி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெளியிலிருந்து வந்து பள்ளியில் தகவல் திரட்ட வேண்டுமென்றால் கல்வி அமைச்சின் அனுமதி வேண்டும், பல்கலைக்கழகத்திலிருந்து செய்தால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். இரண்டுக்கும் நேரம் எடுக்கும். தேர்வு நெருங்கும் வாரங்களில் எந்தப் பள்ளி முதல்வரும் கதவைத் திறக்க மாட்டார், அதையும் கணக்கில் வையுங்கள்.

பெற்றோருக்கு அனுப்பும் ஒப்புதல் கடிதத்துக்குத்தான் அதிகம் மெனக்கெட வேண்டும் என்பேன். மூன்று பக்க ஆங்கிலக் கடிதம் பள்ளிப் பையின் அடியில் கசங்கிக் கிடக்கும். அதைத் தமிழில் மொழிபெயர்த்து, "பங்கேற்பாளரின் தன்னார்வ ஒப்புதலின் அடிப்படையில்" என்று தொடங்கினால் ஆங்கிலமே தேவலை என்று ஆகிவிடும். ஒரு பக்கத்தில் இப்படி எழுதிப் பாருங்கள்: "உங்கள் மகனிடம் அரை மணி நேரம் பேச விரும்புகிறோம். தமிழ் வகுப்பு எப்படி இருக்கிறது என்று கேட்போம். பேசுவதைப் பதிவு செய்வோம். அவர் பெயரை எங்கும் எழுத மாட்டோம். ஆசிரியரிடமும் சொல்ல மாட்டோம். பிடிக்கவில்லை என்றால் பாதியில் நிறுத்திக்கொள்ளலாம், மதிப்பெண் பாதிக்காது." அதன் கீழே ஒரு வாட்ஸ்அப் எண். சில வீடுகளில் அம்மா அப்பா இருவரும் ஷிஃப்டு வேலை, கடிதத்தைப் படிக்கப் போவது பாட்டிதான், அதனால் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள். கையெழுத்து மட்டும் பெற்றோருடையதாக இருக்க வேண்டும்.

பேட்டியின்போது எந்தத் தமிழில் பேசுவது? பேச்சுத் தமிழில்தான். 2005 தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழுவே வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கு இடம் கொடுக்கச் சொன்ன பிறகு, ஆய்வாளர் மட்டும் மேடைத் தமிழில் கேள்வி கேட்டால் பிள்ளை அதைத் தேர்வு என்று நினைத்துக்கொள்ளும். கலந்து பேசினால் கலந்தே பேசட்டும், நீங்களும் கலந்து பேசுங்கள். "தமிழ் பிடிக்குமா?" என்று கேட்காதீர்கள், "ம்ம், பிடிக்கும் டீச்சர்" என்பதற்கு மேல் எதுவும் வராது. "கடைசியா எப்ப தமிழ்ல ஒருத்தர்கிட்ட நீயா போய்ப் பேசுன?" என்று கேளுங்கள். அப்புறம் கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பிள்ளைக்குப் பாடம் நடத்தும் ஆசிரியரே உட்கார்ந்து கேட்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பதிவை எழுதும்போது பேசியதைப் பேசியபடியே எழுதுங்கள். முதலில் ஆங்கிலத்தில் மாற்றிவிட்டு அதிலிருந்து முடிவுக்குப் போனால், பிள்ளை எந்த இடத்தில் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குத் தாவியது என்பதே தெரியாது. பல சமயம் முக்கியமான விஷயம் அந்தத் தாவலில்தான் இருக்கிறது.

இவ்வளவு செய்தும் 12 பேர்தான் கிடைத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். தாராளமாக எழுதுங்கள், ஆனால் விழுக்காட்டில் எழுதாதீர்கள். 12 பேரில் ஒருவர் மனம் மாறினாலே 8 விழுக்காடு நகர்ந்துவிடும். 6 பேர் ஆம் என்றால் அது 50 விழுக்காடு, ஆனால் உண்மை நிலவரம் 25-இலிருந்து 75 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். "12 பேரில் 6 பேர்" என்று எழுதிவிட்டு அவர்கள் சொன்னதை விரிவாகக் கொடுங்கள். பெயரை மறைத்தால் போதும் என்றும் நினைக்காதீர்கள்: ஒரு பள்ளியில் உயர்நிலை மூன்றில் தமிழ் படிக்கும் பெண் பிள்ளைகள் இரண்டே பேர் என்றால், "உயர்நிலை மூன்று மாணவி" என்று எழுதிய உடனே ஆசிரியருக்கு யாரென்று தெரிந்துவிடும். வகுப்பையும் பாலினத்தையும் ஒரே இடத்தில் போடாதீர்கள். ஐந்துக்குக் குறைவானவர்கள் உள்ள கட்டங்களை அட்டவணையில் ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். பெரிய குழுக்களுக்கு இந்தக் கவலை இல்லை, நமக்கு உண்டு.

ஆசிரியர்களையும் மறக்க வேண்டாம். தமிழாசிரியர் ஒருவரோ இருவரோ இருக்கும் பள்ளியில் தீபாவளிக் கொண்டாட்டம், ஜூலை 21 இன நல்லிணக்க நாள், பெற்றோர் வந்தால் மொழிபெயர்ப்பு என்று எல்லாம் அவர் தலையில்தான் விழும். அவரிடம் போய் இன்னொரு படிவத்தை நீட்டுவதற்கு முன், ஆய்வுக் கேள்வியை வகுக்கும்போதே அவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், கட்டுரையில் அவர் பெயரையும் போடுங்கள். தகவல் கொடுப்பவராக மட்டும் அவரை வைத்துக்கொள்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. உலக அளவிலும் இதே கதைதான்: அமெரிக்காவின் ஆறு முன்னணி உளவியல் இதழ்களை ஆராய்ந்து உளவியலாளர் ஜெஃப்ரி ஆர்னெட் 2008-இல் எழுதியபோது, ஆய்வில் கலந்துகொண்டவர்களில் 68 விழுக்காட்டினர் அமெரிக்கர்கள் என்று கண்டார். ஆய்வு செய்தவர்களும் பெரும்பாலும் அங்கிருந்தவர்களே. அருகில் கிடைப்பவர்களிடம்தான் எல்லாரும் கேட்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு அருகில் இருப்பவர் அந்தத் தமிழாசிரியர்தான்.

முடிவுகள் வந்ததும் தமிழில் ஒரு பக்கம் எழுதிப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் கொடுங்கள், நவம்பர் விடுமுறைக்கு முன்பே. ஜனவரியில் வகுப்பு மாறிவிடும், உயர்நிலை நான்கு பிள்ளைகள் பள்ளியை விட்டே போயிருப்பார்கள், பிறகு அந்தத் தாளை யாரிடம் கொடுப்பது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டும்.