வளாகத்துப் பழைய வீட்டின் வயதைக் கண்டறிய

மருத்துவமனை போன்ற வளாகத்துக்குள் நிற்கும் பழைய வீடு எப்போது கட்டப்பட்டது என்று அறிய, இடத்தின் பெயரிலிருந்து தொடங்குங்கள். உதாரணமாக, சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1871இல் லோகாக் தோட்டத்தில் தொடங்கியது. ஆவணக் காப்பகத்தில் மருத்துவமனைப் பெயரை மட்டும் கேட்டால் அதற்கு முந்தைய கதை சிக்காது. தோட்டப் பெயரையும் பழைய சர்வே எண்ணையும் சேர்த்தே கேளுங்கள். இரண்டு காலத்து நில அளவை வரைபடங்களை ஒப்பிட்டால், வீடு எந்த இடைவெளியில் முளைத்தது என்று தெரியும்.

கல்வெட்டு ஆண்டை அப்படியே நம்பாதீர்கள். அது திறப்புவிழாவின் ஆண்டாக இருக்கலாம்.

பிறகு கூரை. தேக்குக் கட்டைகள்மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துவாட்டில், மூலைவாக்காகச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கியிருந்தால் அது மெட்ராஸ் டெரஸ் என்ற பழைய கூரை முறை. இரும்பு உத்திரம் தெரிந்தால் அவசரப்பட்டு வீடே புதியது என்று எழுதிவிடாதீர்கள். கரையான் அரித்த தேக்கைப் பொதுப்பணித் துறை மாற்றியிருக்கலாம். உத்திரம் சுவரில் நுழையும் இடத்தைப் பாருங்கள்: சுற்றிலும் சிமெண்ட் ஒட்டு இருந்தால் பின்னாளில் செருகியது.