குளியலறை வாசலில் கிடந்த கறுப்பு மிதியடி

டிமென்ஷியா என்ற மறதி நோய் உள்ள என் அம்மா குளியலறை வாசலுக்கு வந்ததும் கதவு நிலையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். அவரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வரும் அக்கா கையைப் பிடித்து இழுப்பார், அம்மா அலறுவார். இரண்டு மாதம் தினமும் இதே போராட்டம். வேறொரு இடத்துக்குள்ளேயே இருப்பதுபோல் காட்டும் ஒரு வி.ஆர். (மெய்நிகர்) கண்ணாடிதான் எங்களுக்கு வழி காட்டியது. வீட்டில் நோயாளியைப் பராமரிப்பவர்கள் அவசியம் செய்து பாருங்கள்.

பிரிட்டனின் ‘அல்சைமர்ஸ் ரிசர்ச் யூகே’ என்ற தொண்டு நிறுவனம் 2016-இல் ‘எ வாக் த்ரூ டிமென்ஷியா’ என்ற 360 பாகைக் காட்சிகளை வெளியிட்டது. டிமென்ஷியா உள்ளவருக்கு உலகம் எப்படித் தெரிகிறது என்பதை அவை காட்டுகின்றன. கடை, தெரு, வீடு என மூன்று. யூடியூபில் இலவசம். கைப்பேசியைச் செருகும் அட்டைக் கண்ணாடி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். கைப்பேசியில் அது திரும்புவதை உணரும் ஜைரோஸ்கோப் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தலையைத் திருப்பினாலும் காட்சி திரும்பாது.

பேச்சு ஆங்கிலத்தில் இருப்பதால் கதையை முன்கூட்டியே தமிழில் சொல்லிவிடுங்கள். பார்ப்பவரைச் சுழல் நாற்காலியில் உட்கார வையுங்கள். நிற்க வைத்தால் தடுமாறுவார்கள். காதொலிக் கருவி கட்டாயம், இரைச்சலும் நோயின் ஒரு பகுதி. ஒரு தடவைக்கு ஒரு காட்சி போதும். வலிப்பு, தலைசுற்றல் உள்ளவர்களுக்கு வேண்டாம். நோயாளிக்கு இந்தக் காட்சிகளைக் காட்டவே காட்டாதீர்கள். அவர் ஏற்கெனவே அதற்குள்தான் இருக்கிறார்.

தெருக் காட்சியில் மகனோடு வீடு திரும்பும் வழியில், தரையில் தேங்கிய நீர் பெரும் பள்ளமாகத் தெரியும். அந்த இடம் வந்ததும் அக்கா உட்கார்ந்தபடியே இரண்டு கால்களையும் வெடுக்கென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றியதும் நான் எதுவும் கேட்கவில்லை. நீங்களும் உடனே கேள்வி கேட்காதீர்கள், ஒரு நிமிடம் விடுங்கள். அவர் எழுந்து போய், குளியலறை வாசலில் கிடந்த கறுப்பு மிதியடியைச் சுருட்டிக் கொண்டுவந்தார். “பாட்டிக்கு இது குழியாகத் தெரிந்திருக்கும்” என்றார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அந்த மிதியடியை வாங்கிப் போட்டவள் நான்.

பார்த்த சூடு ஆறுவதற்குள் வீட்டைச் சுற்றி வாருங்கள். அடர்நிற விரிப்பு, ஈரம்போல் பளபளக்கும் தரை, ஆள் நிற்பதுபோல் காட்டும் நிலைக்கண்ணாடி, ஓடிக்கொண்டே இருக்கும் தொலைக்காட்சி எல்லாவற்றையும் நோயாளியின் கண்ணால் பாருங்கள். மாற்ற முடிந்ததை அன்றே மாற்றுங்கள்.

அம்மா இப்போதும் சில நாள் வாசலில் தயங்குகிறார். அக்கா இழுப்பதில்லை, முன்பக்கமாக வந்து, கையை நீட்டிக்கொண்டு காத்திருக்கிறார்.