ஸ்டார்ட் ஆகாத படகு எஞ்சினை மாரிக்கு மூடி வைப்பது எப்படி?

வாடைக்காற்று திரும்பியதும் மட்டக்களப்பின் கல்லடி, நாவலடிக் கரைகளில் பைபர் படகுகளை மேலே இழுத்துவிடுவார்கள். அந்த நேரம் பார்த்து எஞ்சின் மக்கர் பண்ணினால் பலரும் சொல்வது: “இப்ப கிடக்கட்டும், தை பிறக்கப் பார்ப்பம்.” தை பிறக்கும்போது சிலிண்டர் துருப்பிடித்துப் பிஸ்டன் இறுகியிருக்கும். குளிர் நாடுகளில் உள்ளே தங்கிய தண்ணீர் உறைந்து எஞ்சினில் விரிசல் விழுந்துவிடும் என்று பயப்படுவார்கள். நமக்கு எதிரி உப்பும் ஈரமும். ஓடுகிற எஞ்சின் என்றால் ஓடவிட்டபடியே உள்ளே ஒயில் ஏற்றலாம். ஓடாததற்குக் கையால்தான் ஊட்ட வேண்டும்.

நான் சொல்வது கயிறு இழுக்கும் டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு. கடலில் விழுந்து எடுத்ததென்றால் இது போதாது, அன்றைக்கே மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.

முதலில், நிறுத்தும் சுவிட்சில் கிளிப் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள்; அது இல்லாவிட்டால் பிளக்கில் பொறி வராது. சிரிக்க வேண்டாம், கிளிப் இல்லாமல் அரை மணி நேரம் கயிறு இழுத்துத் தோள் வீங்கியவன் நான்.

அதுவும் சரி, இன்னும் ஓடவில்லையா? நல்ல தண்ணீரால் வெளியே நன்றாகக் கழுவுங்கள். குழாய் மாட்டும் துளை இருந்தால் உள்ளேயும் தண்ணீர் விடுங்கள். பிறகு நிமிர்த்தி வைத்து முழுக்க வடியவிடுங்கள்.

அடுத்து, டாங்கியைக் கழற்றிவிட்டு காபரேற்றரின் அடித்திருகைத் தளர்த்தி, உள்ளே இருக்கும் பெற்றோலை ஒரு போத்தலில் பிடியுங்கள். மாதக்கணக்கில் கிடந்தால் அது பிசினாகி பெற்றோல் போகும் சிறிய ஜெட் துளையை அடைக்கும். போத்தலின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால், எஞ்சின் ஏன் ஓடவில்லை என்பதும் தெரிந்துவிடும்.

இனித்தான் முக்கிய வேலை. திறந்த வெளியில் செய்யுங்கள், பக்கத்தில் பீடி, சிகரட் கூடாது. கிளிப்பைக் கழற்றிவிடுங்கள், துளை வழியே பெற்றோல் ஆவி சீறும்போது ஒரு பொறி போதும். பிளக்கைச் சுற்றியுள்ள மணலைத் துடைத்துவிட்டுக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு தேக்கரண்டி டூ ஸ்ட்ரோக் ஒயில் விடுங்கள். துளைமேல் பழந்துணி போட்டு, கயிற்றை மெதுவாக எட்டுப் பத்துத் தடவை இழுங்கள். அப்போதுதான் ஒயில் சுவரெங்கும் பூசப்படும். கயிறு அசையவே இல்லையென்றால் மல்லுக்கட்டாதீர்கள். ஒயிலோடு ஓர் இரவு ஊறட்டும். நல்லதுதானே என்று கூடுதலாக ஊற்றவும் வேண்டாம். ஒயில் அமுங்காது; பிளக்கைப் பூட்டிவிட்டு இழுத்தால் பிஸ்டன் முட்டி நிற்கும்.

பிளக்கை முதலில் விரலால் திருகி, அப்புறம் சாவியால் இறுக்குங்கள்.

அடிப்பகுதிக் கியர்ப் பெட்டியின் மேல், கீழ்த் திருகுகளைக் கழற்றிப் பழைய கியர் ஒயிலை வடியவிடுங்கள். அது பால் தேநீர் நிறத்தில் வந்தால் சீல் போய்விட்டது, தண்ணீர் புகுந்திருக்கிறது. புதிய ஒயிலைக் கீழ்த் துளையால் ஏற்றி, மேல் துளையால் வழிந்ததும் மேல் திருகை முதலில் பூட்டுங்கள்.

பொலித்தீனால் இறுகக் கட்டினால் உள்ளே வியர்க்கும். காற்றுப் போகும்படி சாக்கால் மூடி, கூரைக்குக் கீழே நிமிர்த்தியே வையுங்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை கிளிப் இல்லாமல் கயிற்றை மெதுவாக இழுத்துவிடுங்கள். தையில் மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது உள்ளே ஒயில் விட்டதைச் சொல்லுங்கள்; பிளக்கைக் கழற்றி அதை வெளியேற்றிவிட்டுத்தான் அவர் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும்.